கேள்வி போய்ச் சேர்ந்ததா? காவிரிப் படுகையில் பள்ளி உளவியலாளரின் வேலை

பாடு, மாடு. கண்ணாடி முன் நின்று, குரல் எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்து இந்த இரண்டு சொல்லையும் சொல்லிப் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். படம், மடம், பணம், மணம் எல்லாம் இதே கதைதான். ககரம் வாய்க்குள்ளே பின்பக்கம் பிறப்பதால் உதட்டில் அதன் சுவடே இருக்காது. வேற்றுமை உருபும் வினைமுற்று விகுதியும் சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வருபவை. வேகமாகப் பேசும்போது காது நன்றாக இருப்பவருக்கே அவை பாதிதான் கேட்கும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்பவருக்கு அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. இப்படியிருக்க, பிறவியிலேயே காது கேளாத பத்து வயதுப் பிள்ளையை எதிரே உட்காரவைத்து, வாயால் கேள்வி கேட்டு, வந்த பதிலை வைத்து 'ஐ.க்யூ. 58' என்று எழுதினால், அந்த எண் எதை அளந்தது? பிள்ளையின் அறிவையா, கேட்டவரின் உதட்டையா?

காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் உளவியலாளரின் வேலை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஆறுதல் சொல்வது, அடம் பிடிக்கும் பிள்ளையைச் சமாளிப்பது, பரீட்சை பயத்தைக் குறைப்பது எல்லாம் அவர் வேலைதான். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் வருவது ஒன்று உண்டு. பிள்ளையிடம் உண்மையிலேயே இருக்கும் குறை எது, பிள்ளைக்குக் கிடைக்காமல் போனது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அதைச் சரியாகச் சொல்லாவிட்டால் பின்னால் செய்கிற எதுவும் நிற்காது.

காவிரிப் படுகையில் இந்தப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? தஞ்சாவூரில் செவித்திறன் குறையுடையோருக்கும் பார்வைத்திறன் குறையுடையோருக்கும் தனித்தனியே அரசு மேல்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. திருச்சி புத்தூரில் பார்வைத்திறன் குறையுடைய மாணவியருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகள் வேறு. வேதாரண்யம், முத்துப்பேட்டை, பேராவூரணி என்று கடலோரத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஹாஸ்டல்தான் வீடு. இன்னொரு பகுதியினர் தங்கள் ஊர் அரசுப் பள்ளியிலேயே மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பார்கள்; வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் முறை வைத்து வந்து பார்ப்பார்.

சோதனைக்கே திரும்புவோம், ஏனென்றால் பிள்ளையின் பாதை அங்கேதான் பிரிகிறது. பிரான்சில் பினே 1905-இல் முதல் அறிவுத்திறன் சோதனையைக் கொண்டுவந்தார். அது முழுக்கச் சொல்லை நம்பிய சோதனை. காது கேளாத பிள்ளைகளிடம் அது செல்லாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் பிண்ட்னரும் பேட்டர்சனும் 1917-இல் பேச்சே தேவைப்படாத செயல்வழி அளவுகோல் ஒன்றை வெளியிட்டதற்குக் காரணமே காது கேளாத பிள்ளைகளைச் சோதிக்க முயன்று திணறியதுதான். அப்புறம் லைட்டர், ஹிஸ்கி, ரேவன் ஆகியோரின் சோதனைகள் வரிசையாக வந்தன. நம் நாட்டில் பாட்டியாவின் செயல்வழிச் சோதனைத் தொகுப்பு 1955-இல் வெளிவந்தது. கட்டைகளை அடுக்குவது, படத்துண்டுகளைச் சேர்ப்பது, வடிவத்தைப் பார்த்து வரைவது போன்ற வேலைகள் அதில் இருக்கும். இந்தியப் பிள்ளைகளுக்காக மாலின் உருவாக்கிய அளவுகோலில் சொல்வழிப் பகுதி, செயல்வழிப் பகுதி இரண்டும் உண்டு. காது கேளாத பிள்ளைக்குச் செயல்வழிப் பகுதி, கண் தெரியாத பிள்ளைக்குச் சொல்வழிப் பகுதி என்பதுதான் பொதுவான நடைமுறை.

ஆக, நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்துபோன சங்கதி இது. இருந்தும் அவசரத்தில், கூட்டத்தில், கையில் இருக்கும் ஒரே சோதனையை வைத்து வேலையை முடிப்பது இன்றும் நடக்கிறது. 70-க்குக் கீழே ஓர் எண் கோப்பில் ஏறிவிட்டால் அறிவுசார் குறைபாடு என்ற முத்திரை கூடவே வரும். காது கேளாதோர் பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளை வேறு வகைப் பள்ளிக்குப் போகும். அங்கே சைகை மொழி தெரிந்தவர் இல்லையென்றால் இருக்கிற கொஞ்ச மொழியும் தேய்ந்துவிடும். இரண்டு வருஷம் கழித்து மறுபடி சோதித்தால் எண் இன்னும் கீழே போயிருக்கும். முதல் எண் சரிதான் என்று அதைக் காட்டியே சொல்வார்கள். என்னைக் கேட்டால், இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் இதைவிடப் பெரியது இல்லை.

செயல்வழிச் சோதனை கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்ற விளக்கத்தையே வாயால் சொன்னால் பழைய தொல்லைதான். சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் சோதிப்பவரின் முகம் நிழலாகத்தான் தெரியும். காது மெஷினில் பாட்டரி தீர்ந்திருக்கலாம். மெஷினைக் காதுக்குள் பொருத்தும் அச்சு வளரும் பிள்ளைக்குச் சிறியதாகிப் போயிருக்கலாம். பிள்ளை கட்டையைப் பார்க்கும்போது சைகை காட்டினால் பிள்ளைக்கு அது தெரியாது. ஒரே நேரத்தில் இரண்டையும் பார்க்கக் கண் ஒன்றுதான் வழி. நேரக் கணக்குள்ள சோதனையில் இது மதிப்பெண்ணைத் தின்றுவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பொறி தலையாட்டல். புரிந்ததா என்று கேட்டால் பிள்ளை தலையாட்டும். புரியவில்லையா என்று கேட்டாலும் ஆட்டும். புரியாத பேச்சுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளை, பெரியவர்கள் முகம் சுளிக்காமல் இருக்கக் கண்டுபிடித்த வழி அது. மனச்சோர்வைக் கண்டறியும் வினாத்தாளை இந்தப் பிள்ளையிடம் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று வரும். 'மனசு பாரமா இருக்கா', 'நெஞ்சை அடைக்குதா' போன்ற கேள்விகளை அப்படியே சைகையாக்கினால் பிள்ளை உடம்புக்கு ஏதோ என்றுதான் நினைத்துக்கொள்ளும். கேள்வியைக் கதையாக, படமாக, நேற்று நடந்த ஒன்றாக மாற்றித்தான் கேட்க முடியும். அரை மணி நேரத்தில் முடிகிற வேலை ஒன்றரை மணி நேரம் இழுக்கும்.

இத்தனைக்கும் பின்னால் ஒரு தாமதம் இருக்கிறது. குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாமல் இருந்து, திருச்செந்தூர் முருகன் அருளால் பேசினார் என்ற வரலாறு நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தருமபுரம் ஆதீனத்தோடும் வைத்தீஸ்வரன்கோயிலோடும் தொடர்புடையவர் என்பதால் படுகையில் அவர் பேர் இன்னும் நெருக்கம். 'அவரே அஞ்சு வயசுலதானே பேசினார், அப்பாவும் லேட்டாத்தான் பேசினாராம், பொறுத்துப் பார்ப்போம்' என்று பாட்டி சொல்வதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. ஆனால் மொழி மூளையில் வேரூன்றும் காலம் அந்த முதல் ஐந்து வருஷம்தான். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது உட்காதில் கேட்புக் கருவி பொருத்தும் அறுவை, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத்தான். அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். கோயிலுக்குப் போகட்டும், தவறில்லை. அதே வாரத்தில் காது பரிசோதனைக்கும் போயிருக்க வேண்டும்.

காத்திருந்த வீடுகளில் பிள்ளைக்குப் பேச்சும் வராது, சைகை மொழியும் வராது. வீட்டுச் சைகை நாற்பது ஐம்பது இருக்கும்: சாப்பாடு, தூக்கம், அப்பா மீசை, அடி. அதற்கு மேல் உலகம் மூடிக்கிடக்கும். இரவுச் சாப்பாட்டின்போது எல்லோரும் சிரிப்பார்கள். ஏன் என்று பிள்ளை கேட்டால், 'ஒண்ணுமில்லை, அப்புறம் சொல்றேன்' என்று கையைக் காட்டுவார்கள். அந்த அப்புறம் வருவதில்லை. தாத்தா செத்ததுகூடப் பிள்ளைக்குச் சொல்லப்படாமல் போகும். மாலையும் கூட்டமும் பார்த்திருக்கும், தாத்தாவைத் தூக்கிப் போனதையும் பார்த்திருக்கும். ஏன், எங்கே, எப்போது திரும்பி வருவார் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆறு மாதம் கழித்து ஹாஸ்டலில் அந்தப் பிள்ளை ராத்திரி அழுதால் அதை மனநோய் என்பதா?

காது கேளாத பிள்ளைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். மீதமுள்ள சிறு பகுதிக்குப் பெற்றோரும் காது கேளாதவர்கள். வீட்டில் முதல் நாளிலிருந்தே சைகை மொழி. ஆஸ்திரேலியாவில் பீட்டர்சனும் சீகலும் 1995-இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. பிள்ளைகளிடம் கேட்டது இதுபோன்ற ஒரு கதைக் கேள்வி: ஒருவர் பந்தைக் கூடைக்குள் வைத்துவிட்டு வெளியே போகிறார். இன்னொருவர் அதை எடுத்துப் பெட்டியில் வைக்கிறார். முதலாமவர் திரும்பி வந்து எங்கே தேடுவார்? அடுத்தவர் மனதில் என்ன இருக்கும் என்று ஊகிக்கிற இந்தத் திறன் நாலைந்து வயதில் வரும். காது கேட்கும் வீட்டில் பிறந்த காது கேளாத பிள்ளைகள் பலருக்கு அது பல வருஷம் தாமதமாகியிருந்தது. சைகை மொழி புழங்கும் வீட்டில் பிறந்த காது கேளாத பிள்ளைகளுக்குத் தாமதம் இல்லை என்று அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின. காது இருவருக்கும் ஒன்றுதான். வித்தியாசம் வீட்டுப் பேச்சில். 'அடுத்தவங்க கஷ்டம் புரியாத பசங்க', 'ரொம்ப முரடு' என்று ஆசிரியர் அறையில் அடிபடும் பேச்சுக்குப் பாதி விளக்கம் இங்கே கிடைக்கும்.

ஹாஸ்டல் இங்கே முக்கியமாகிறது. வார்டனும் ஆசிரியரும் கற்றுக்கொடுப்பதைவிட, சீனியர் பிள்ளைகளிடமிருந்துதான் சின்னப் பிள்ளை சைகை மொழியை அள்ளிக்கொள்கிறது. 1880-இல் மிலன் நகரில் நடந்த காது கேளாதோர் கல்வி மாநாடு வாய்ப்பேச்சே வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானம் போட்ட பிறகு பல நாடுகளில் வகுப்பறையில் கையைக் கட்டிப்போட்டார்கள். அப்போதும் மொழி ஹாஸ்டல்களில்தான் உயிரோடு இருந்தது. இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் டெல்லியில் அமைந்தது 2015-இல்தான். அதன் அகராதி 2018-இல் மூவாயிரம் சொல்லோடு தொடங்கி 2021-இல் பத்தாயிரத்தைத் தொட்டது. பொங்கல் விடுமுறைக்கு எல்லாப் பிள்ளைகளும் ஊருக்கு ஓடத் துடிக்கும்போது, காது கேளாத பிள்ளை பையைக் கட்டாமல் முரண்டு பிடிப்பது இதனால்தான். ஊரில் அறுவடை நேரம், எல்லோரும் வயலில். வீட்டில் யாராவது இருந்தாலும் சைகையில் பேச ஆள் இல்லை. பெற்றோருக்கு இது சுருக்கென்று குத்தும். பள்ளிக்கூடம் பிள்ளையைப் பிரித்துவிட்டது என்று நினைப்பார்கள். உளவியலாளர் அந்தப் பெற்றோரோடு செலவிடும் ஒரு மணி நேரம், பிள்ளையோடு செலவிடும் பத்து மணி நேரத்துக்குச் சமம். விடுமுறைக்கு முன் அப்பா அம்மாவுக்கு நூறு சைகையாவது சொல்லிக்கொடுத்து அனுப்பும் பள்ளியில் இந்தப் பிரச்சினை கண்ணெதிரே குறையும்.

இன்னொரு நடைமுறைச் சங்கதி: சைகைக்கு வெளிச்சம் வேண்டும். விளக்கை அணைத்துவிட்டால் பேச்சு நின்றுபோகும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு படுகையின் தெற்குப் பகுதியில் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த இருட்டு காது கேளாத பிள்ளைக்கு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்தால் நிவாரணப் பட்டியலில் டார்ச் லைட்டின் இடம் மாறும். கண் தெரியாத பிள்ளைக்கோ, காலடியால் மனப்பாடம் செய்து வைத்திருந்த ஊர் வழி முழுக்க மரம் விழுந்து அழிந்துபோனது.

கண் தெரியாத பிள்ளைகள் பக்கம் வந்தால் சிக்கல் வேறு மாதிரி. இவர்களிடம் கேள்வி போய்ச் சேரும். பதிலும் அழகான தமிழில் வரும். அதிலேயே ஏமாந்துபோகலாம். கோபுரம் பற்றி ஐந்து நிமிடம் பேசும் பிள்ளைக்குக் கோபுரம் எவ்வளவு உயரம், கீழே அகலம் மேலே குறுகல் என்பது கையால் உணர்ந்த அறிவாக இருக்காது. கேட்ட சொல்லாக மட்டும் இருக்கும். எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனையில் இந்தப் பிள்ளைகள் பலர் வெளுத்துக்கட்டுவார்கள். அந்த ஒன்றை வைத்து மேதை என்பதும் தப்பு. கடைக்குத் தனியாகப் போய்ச் சில்லறை வாங்கத் தெரியவில்லை என்பதை வைத்து மந்தம் என்பதும் தப்பு. யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

கண்ணைக் கையால் அழுத்துவது, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பது, கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்வது, 'நான்' என்ற இடத்தில் 'நீ' என்பது. இவை பார்வை இல்லாத சின்னப் பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படுபவை. ஆட்டிசத்திலும் இவை உண்டு என்பதால் அவசரப்பட்டு அந்தப் பெயரை வைத்துவிடுவார்கள். சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே இரண்டும் இருக்கும், அதனால் சுலபமாகத் தள்ளிவிடவும் முடியாது. பொருளைக் கையில் கொடுத்து, உடம்புக்கு வேலை கொடுத்து, சில மாதம் பார்த்த பிறகுதான் சொல்ல வேண்டும்.

வகுப்பில் தூங்கி விழும் பிள்ளை இன்னொரு உதாரணம். வெளிச்சமே உணராத கண்ணுள்ளவர்கள் பலருக்கு உடம்பின் கடிகாரம் இருபத்து நான்கு மணி நேரத்தோடு ஒத்துப்போகாமல் நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டே போகும். சில வாரம் ராத்திரி நன்றாகத் தூங்குவார்கள், சில வாரம் பகலில்தான் தூக்கம் வரும். சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் ஒரு மாதத் தூக்கக் குறிப்பேடு எழுதினால் போதும், விஷயம் தெரிந்துவிடும். மருத்துவரிடம் அனுப்ப அந்தக் குறிப்பேடே ஆதாரம்.

பிறவியிலேயே பார்வை இல்லாததும் நடுவில் போவதும் மனதளவில் இரண்டு வேறு விஷயங்கள். இதற்கு வெளியூர் உதாரணம் வேண்டாம், திருவாரூரே போதும். நாயன்மார்களில் ஒருவரான தண்டியடிகள் பிறவியிலேயே பார்வையற்றவர். கமலாலயக் குளத்தைத் தூர்வாரக் குளத்துக்குள் ஒரு கம்பும் கரையில் ஒரு கம்பும் நட்டு, நடுவே கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண் சுமந்தார் என்கிறது வரலாறு. தனியாக நடமாடக் கற்றுத்தரும் பயிற்றுநர்கள் இன்றும் கயிறு கட்டித்தான் ஓட்டப் பயிற்சி தருகிறார்கள். அதே ஊர்க் கோயிலில் சுந்தரர் நின்றது பார்வை பறிபோன பிறகு. அவர் பாட்டில் தெரிவது கோபமும் குத்தலும்; நீர் நன்றாக இரும் என்று சாமியிடமே சண்டை. பதின்மூன்று வயதில் பார்வை போய்ப் பிரெய்ல் பள்ளிக்கு வரும் பையனிடம் சுந்தரரின் இந்தக் கோபம்தான் இருக்கும். அவன் கையில் முதல் வாரமே பிரெய்ல் எழுதும் ஸ்லேட்டையும் ஸ்டைலஸ் என்ற ஊசியையும் கொடுத்து, அந்த எழுத்தின் ஆறு புள்ளியைக் கற்றுக்கொள் என்றால் தூக்கி எறிவான். எறியட்டும். அவனோடு சண்டை போட ஆள் வேண்டும்; தன்னம்பிக்கைக் கதை சொல்ல ஆள் வேண்டாம். பிறவியிலேயே பார்வை இல்லாத பக்கத்துக் கட்டில் பையனுக்கு இவன் எதற்கு அழுகிறான் என்றே புரியாமல் இருப்பதும் இயல்பு.

படுகையில் உளவியலாளர் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டிய நோய் ஒன்று உண்டு, அஷர் நோய்க்குறி. காது கேளாமல் பிறந்த பிள்ளைக்குப் பத்து வயதை ஒட்டியோ பிறகோ விழித்திரையும் பழுதாகத் தொடங்கும். முதலில் மாலை மங்கல் தெரியாது. அப்புறம் பக்கப் பார்வை சுருங்கும். பரம்பரையாக வருவது, இரத்த உறவுத் திருமணத்தில் வாய்ப்பு கூடும். தமிழ்நாட்டில் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் உறவுக்குள் நடப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆறு மணிக்கு மேல் ஹாஸ்டல் வராந்தாவில் இடித்துக்கொள்ளும் பையன், பக்கத்தில் நின்று காட்டும் சைகையைக் கவனிக்காத பெண். இவர்களைக் கவனக்குறைவு, திமிர் என்று அனுப்பிவைப்பார்கள். நடத்தைப் பிரச்சினை என்று வந்த பிள்ளையை அன்றே கண் மருத்துவரிடம் அனுப்பும் உளவியலாளர், அந்தப் பிள்ளைக்குப் பிரெய்லும் தொட்டறியும் சைகையும் கற்றுக்கொள்ளச் சில வருஷம் சம்பாதித்துத் தருகிறார்.

இவ்வளவையும் செய்ய ஆள் இருக்கிறாரா? 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டத்தின் கீழ் வரும் பட்டியலில் மருத்துவ உளவியலாளர், மறுவாழ்வு உளவியலாளர் என்றெல்லாம் இருக்கிறது. பள்ளி உளவியலாளர் என்ற பெயர் அதில் இல்லை. சோதனை தெரிந்தவருக்குச் சைகை மொழியும் பிரெய்லும் தெரியாது. அவை தெரிந்த சிறப்பாசிரியருக்குச் சோதனை நடத்த அதிகாரம் இல்லை. நடுவில் ஆசிரியரே மொழிபெயர்ப்பாளராக உட்காருவார். அதில் வேறு வில்லங்கம்: பிள்ளையின் புகாரே அந்த ஆசிரியர் மேலோ வார்டன் மேலோ இருந்தால்? பள்ளிக் கல்விக்கான 14417, மனநலத்துக்கான 14416, குழந்தைகளுக்கான 1098 போன்ற உதவி எண்கள் பெரும்பாலும் குரலை நம்பியவை. காது கேளாத பிள்ளைக்கு அவை சுவரில் எழுதிய எண்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 26-ஆம் பிரிவு, மாற்றுத்திறன் உள்ள குழந்தையின் வாக்குமூலத்தைப் பதியும்போது சிறப்பாசிரியர் அல்லது அந்தக் குழந்தையின் தொடர்பு முறை அறிந்தவரின் உதவியைப் பெறலாம் என்கிறது. அந்த உதவியாளர் வெளியாளாக இருப்பது நல்லது. அதைவிட அடிப்படை, உடல் உறுப்புகளுக்கும் தொடுகைக்கும் உரிய சைகைகளைப் பிள்ளைக்கு முன்பே கற்றுக்கொடுத்திருப்பது. சொல்ல மொழியே இல்லாத பிள்ளையிடம் சாட்சி எப்படி வாங்குவது?

பெற்றோர் கையில் ஐ.க்யூ. சான்று வரும்போது சில கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். எந்தச் சோதனை கொடுத்தார்கள், சொல்வழியா செயல்வழியா? விளக்கத்தை எந்த மொழியில் சொன்னார்கள், சைகை மொழியென்றால் யார் காட்டியது? காது மெஷின் போட்டிருந்தானா, அன்று அது வேலை செய்ததா? மங்கலான பார்வை உள்ள பிள்ளைக்குக் கண்ணாடியும் போதிய வெளிச்சமும் இருந்ததா? அன்றாட வாழ்க்கையில் பிள்ளை என்னென்ன தானாகச் செய்கிறது என்று வீட்டிலும் ஹாஸ்டலிலும் கேட்டார்களா? அறிக்கையில் இதெல்லாம் எழுதப்படாமல் வெறும் எண் மட்டும் இருந்தால் மறுசோதனை கேளுங்கள். வாயால் கேட்காமல் மனுவாக எழுதிக் கொடுத்து, ஒரு நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.